மருந்தாளுநர் கல்விக்குச் செல்லும் வழிகள்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

மருத்துவர் நோயை அறிந்து சீட்டு எழுதுகிறார். அச்சீட்டு, நோயாளியின் கையில் மருந்தாக மாறும் இடம் மருந்தகம். எந்த மாத்திரையை எத்தனை வேளை உண்பது, உணவுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் என்பவற்றை இறுதியாக எடுத்துக் கூறுபவர் மருந்தாளுநரே. எழுத்தறியாத முதியவர் ஒருவருக்கு அவர் சொல்லும் சொல்லே மருத்துவரின் சொல்லாகும். ஆகவே, கிராம சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவரையும் செவிலியரையும் நினைக்கும் நாம், மருந்தாளுநரை மறந்துவிடுதல் முறையன்று.

கிராம சபைக் கூட்டங்களிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் வினாக்களுள் ஒன்று, "மருந்துக்கடை வைப்பதற்கு என் பிள்ளை என்ன படிக்கவேண்டும்?" என்பது. இவ்வினா எழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கக் காண்கிறோம். பிள்ளை வேறு பாடப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பான். அல்லது, முறையான ஏற்பு இல்லாத ஒரு நிறுவனத்தில் பணம் கட்டி முடிந்திருக்கும். இவ்விரு இழப்புகளும் முன்னரே அறிந்திருந்தால் தவிர்க்கத்தக்கவை. அவற்றைத் தவிர்க்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் கூறுவது

முன்னாளில் நம் ஊர்களில் 'கம்பவுண்டர்' என்று ஒருவர் இருந்தார். மருத்துவரின் அருகில் நின்று, மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர் அவர். பள்ளிப் படிப்பைக் காட்டிலும் பழக்கமே அவருடைய கல்வியாக இருந்தது. 1948-ஆம் ஆண்டில் பார்மஸிச் சட்டம் இயற்றப்பட்டபோது, இத்தகையோரைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. மாநிலங்களில் முதற் பதிவேடு தயாரிக்கப்பட்ட காலத்தில், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலக்கும் பணியில் இருந்தவர்களும் அதில் இடம்பெற வழி செய்தது. ஆனால், அவ்வாய்ப்பு அந்த முதற் பதிவேட்டுடன் முடிந்துவிட்டது. இன்று, அனுபவம் ஒன்றையே காட்டி மருந்தாளுநராகப் பதிவு பெறுதல் இயலாது.

மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைக் கலந்து கொடுக்கவோ எடுத்து வழங்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரிமை உண்டு என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின் சாரம். சில்லறை மருந்துக்கடையில் சீட்டு மருந்துகள் பதிவு பெற்ற மருந்தாளுநராலோ, அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் வழங்கப்படவேண்டும் என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளும் கூறுகின்றன. கடை பத்துச் சதுர மீட்டர் பரப்புக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. கடைக்கு இடம் தேடுவோர் பலர். ஆளைப் பற்றிய விதியை முதலில் எண்ணுவோர் சிலரே.

இக்கட்டுப்பாடு வெறும் சடங்கன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அரைகுறையாக உண்பதால் நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன. இதனைக் கருதியே சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் காசநோய் மருந்துகளும் 'எச்-1' என்னும் தனி அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல், அவற்றை வழங்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காக்கவேண்டும் என்பது விதி. இதன் பொருளை உணர்ந்து செய்வதற்குப் படிப்பு வேண்டும்.

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், ஓர் இளைஞர் பன்னிரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் உதவியாளராகப் பணியாற்றி வருகிறார். எந்த மருந்து எந்த அலமாரியில் உள்ளது என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எனினும், அவர் சொந்தமாக ஒரு சில்லறைக் கடைக்கு உரிமம் கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் வணிகவியல் பிரிவில் மேல்நிலைக் கல்வி முடித்தவர். டிப்ளமோ வகுப்பிலும் அவரைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. மொத்த விற்பனை உரிமத்துக்கு மட்டும் விதி வேறு. மெட்ரிகுலேஷன் தேறி, மருந்து வணிகத்தில் நான்காண்டு அனுபவம் உள்ளவரும் அதற்குத் தகுதியுடைய நபராகக் கருதப்படுவார். ஆனால், மொத்த வணிகத்துக்கு வேண்டிய முதல் அவரிடம் இல்லை. தம் தங்கை பத்தாம் வகுப்பில் தேறியவுடன், அவர் செய்த முதற் காரியம், அப்பெண்ணை அறிவியல் பிரிவில் சேர்த்ததேயாகும்.

தீர்மானம் பத்தாம் வகுப்பின் முடிவில்

மருந்தாளுநர் கல்விக்குப் பல வாயில்கள் உண்டு. அவை யாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்று: மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் படித்துத் தேறியிருத்தல் வேண்டும், அவற்றுடன் உயிரியலோ கணிதமோ இருத்தல் வேண்டும். வணிகவியல், வரலாறு முதலிய பிரிவுகளில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருப்பினும், இவ்வாயில்கள் திறவா. இயற்பியலும் வேதியியலும் முதன்மைப் பாடங்களாக இல்லாத தொழிற்கல்விப் பிரிவினருக்கும் இதுவே நிலை.

ஆகவே, இக்கல்வியைப் பற்றிய தீர்மானம் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் செய்யப்படுவதன்று. பத்தாம் வகுப்பு முடிந்து, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வாரத்திலேயே செய்யப்பட்டுவிடுகிறது. அவ்வாரத்தில், பக்கத்துப் பள்ளியில் எந்தப் பிரிவில் இடம் உள்ளதோ அதிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அறிவியல் பிரிவு உள்ள பள்ளி பேருந்தில் சென்றுவரும் தொலைவில் இருக்குமானால், அத்தொலைவைப் பொருட்படுத்தாமல் சேர்த்தல் நலம்.

கணிதம் படித்தவர் உயிரியல் அறியாரே, உயிரியல் படித்தவர் கணிதம் அறியாரே என்று ஐயுறவேண்டுவதில்லை. பட்டப் படிப்பின் முதற் பருவத்தில், கணிதப் பிரிவிலிருந்து வருவோர்க்கு உயிரியலும், உயிரியல் பிரிவிலிருந்து வருவோர்க்குக் கணிதமும் குறைநிரப்புப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

இரண்டாண்டு டிப்ளமோ

மருந்தாளுநராகப் பதிவு பெறுவதற்குரிய குறைந்த அளவுக் கல்வி, டி.பார்ம். எனப்படும் டிப்ளமோ ஆகும். இது இரண்டு கல்வியாண்டுகளையும், அதன் பின்னர் 500 மணி நேரத்துக்குக் குறையாத நடைமுறைப் பயிற்சியையும் கொண்டது. பயிற்சி மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நடைபெறவேண்டும். அதில் பாதி நேரமாவது, அதாவது 250 மணி நேரமாவது, சீட்டுகளுக்கு மருந்து வழங்கும் பணியிலேயே கழியவேண்டும்.

2020-ஆம் ஆண்டில் இப்படிப்பின் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. மருந்து தயாரிப்பியல், மருந்து வேதியியல், மூலிகை மருந்தியல், உடலமைப்பும் உடலியங்கியலும் ஆகியவற்றுடன் சமுதாய மருந்தியல் என்னும் பாடமும் முதலாண்டில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் ஆண்டில் மருந்துகளின் செயற்பாடு, நோய்தீர் மருந்து முறை, உயிர்வேதியியல், மருந்தக நிர்வாகம், மருத்துவமனை மருந்தியல், சட்டமும் ஒழுக்க நெறியும் ஆகியவை இடம்பெறுகின்றன.

டிப்ளமோ பெறுவோர் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்வதற்கு முன்னர் எழுதவேண்டிய தகுதித் தேர்வு ஒன்றுக்கு, 2022-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பெற்றன. மூன்று தாள்களைக் கொண்ட அத்தேர்வு, 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முறையாக நடைபெற்றது. ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு பெறுவது தேர்ச்சி. டிப்ளமோவில் சேருவோர், தம் அணிக்கு இத்தேர்வு எவ்வாறு பொருந்தும் என்பதைச் சேரும்போதே கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும்.

விரைவில் சம்பாதிக்கவேண்டிய நிலையிலுள்ள குடும்பங்களுக்கும், சொந்த ஊரிலேயே மருந்தகம் நடத்த விரும்புவோர்க்கும் டிப்ளமோ ஏற்ற வழியாகும்.

நான்காண்டுப் பட்டம்

பி.பார்ம். எனப்படும் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்டது. நம் நாட்டில் பல்கலைக்கழக அளவிலான மருந்தியல் கல்வி, 1932-ஆம் ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராப் என்னும் பேராசிரியரின் முயற்சியால் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் அங்கே பி.பார்ம். என்னும் பட்டம் ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசின் மருந்தியல் கல்லூரிகள் உள்ளன. சுயநிதிக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் நடைபெறுகின்றன.

பட்டம் பெற்றவருக்கு மருந்தகம் மட்டுமே வாழ்வன்று. மருந்துத் தொழிற்சாலைகளில் தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு ஆகிய பணிகளும், ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் அவருக்குத் திறந்துள்ளன. மருந்து ஆய்வாளர் பதவியை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கடைகளையும் தொழிற்சாலைகளையும் சோதனையிடும் அப்பதவிக்கு, மருந்தியலில் பட்டம் பெற்றவரோ, மருத்துவப் பட்டத்துடன் உரிய சிறப்புப் பயிற்சி உடையவரோதான் தகுதி பெறுவர். டிப்ளமோ மட்டும் உடையவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. பட்டத்துக்கு மேல் எம்.பார்ம். என்னும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பும் உண்டு.

டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு

டிப்ளமோவில் சேர்ந்தவர் அத்துடன் நின்றுவிடவேண்டும் என்பதில்லை. ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் டி.பார்ம். தேறியவர், பி.பார்ம். இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் பருவத்தில், நேரடியாகச் சேரலாம். இதனைப் பக்கவழிச் சேர்க்கை என்பர்.

கணக்கிட்டுப் பார்த்தால், நேராகப் பட்டத்தில் சேருபவர் நான்கு ஆண்டுகளில் முடிக்கிறார். டிப்ளமோ வழியாகச் செல்பவர்க்கு இரண்டும் மூன்றுமாக ஐந்து ஆண்டுகளும், இடையிலுள்ள பயிற்சிக் காலமும் ஆகின்றன. ஓராண்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாவது உண்மை. ஆயினும், இடையில் ஒரு சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது. தந்தை நோயுற்றாலோ, மழை பொய்த்து வருவாய் நின்றாலோ, படிப்பு பாதியில் பயனற்றுப் போகாது. பணியாற்றிப் பொருள் சேர்த்துப் பின்னர் தொடரவும் இயலும். வசதி குறைந்த குடும்பத்துக்கு இது சிறிய நன்மையன்று.

ஆறாண்டுப் பார்ம்.டி.

மூன்றாவது வழி, 2008-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட பார்ம்.டி. படிப்பாகும். ஐந்து ஆண்டுகள் கல்வியும், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. மருத்துவமனை வார்டுகளில் மருத்துவருடன் இருந்து, நோயாளிக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, அளவு பொருந்துகின்றதா என்று ஆராய்வதே இப்படிப்பின் குறிக்கோள். இதனை நடத்தும் கல்லூரிக்கு 300 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனைத் தொடர்பு இருத்தல் வேண்டும்.

மேல்நிலைக் கல்வி முடித்தவரும், டி.பார்ம். தேறியவரும் இதில் சேரலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் பதினேழு வயது நிறைந்திருக்கவேண்டும். ஆனால் டிப்ளமோ பெற்றவர்க்கு இதில் ஆண்டுச் சலுகை கிடையாது, முதலாண்டிலிருந்தே தொடங்கவேண்டும். பி.பார்ம். பட்டம் பெற்றவர்க்கு மட்டும் மூன்றாண்டில் முடிக்கும் தனி வழி உண்டு. மற்றொன்றையும் பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டும்: பார்ம்.டி. பெற்றவர் மருந்தியல் வல்லுநர். நோய் பார்த்துச் சீட்டு எழுதும் மருத்துவர் அல்லர்.

இவையன்றிச் சித்த மருத்துவத் துறைக்குரிய மருந்தாளுநர் டிப்ளமோவும் உண்டு. அது நல்லதொரு படிப்பே. ஆயினும், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேட்டுக்குரிய படிப்பு அன்று. ஆங்கில மருந்துக்கடை நடத்தும் எண்ணத்துடன் அதில் சேருதல் பொருந்தாது.

தேர்வுக் குழு எவற்றைப் பார்க்கிறது?

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, ஆண்டுதோறும் இப்படிப்புகளுக்கு விண்ணப்பங்களை இணையவழியாகப் பெற்று, தரவரிசைப் பட்டியல் வெளியிட்டு, கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இவ்வாறே நிரப்பப்படுகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்புக்குரிய நீட் தேர்வு இப்படிப்புகளுக்கு வேண்டுவதில்லை என்பதைப் பலர் அறியார். "நீட் எழுதாததால் மருத்துவத் துறையே மூடிவிட்டது" என்று சோர்ந்திருக்கும் மாணவர்கள் இதனை அறிதல் வேண்டும். அண்டை மாநிலங்களில் முறை வேறு. கர்நாடகம், கேரளம், ஆந்திரம் ஆகியவற்றில் பி.பார்ம். சேர்க்கைக்கு அம்மாநில நுழைவுத் தேர்வுகள் உண்டு. எல்லையோரக் கிராமங்களில் உள்ளோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

இங்கே குழு முதலாவதாகப் பார்ப்பது பாடங்கள். மேலே கூறிய பாடங்கள் இல்லையெனில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும் அறிவியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. மொழிப் பாடத்தில் உயர்ந்து வேதியியலில் தாழ்ந்த மாணவர், மொத்தத்தில் தம்மினும் குறைந்தவர்க்குப் பின்னால் நிற்க நேரிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலுக்குச் செலவிடும் ஒவ்வொரு மாலைப் பொழுதும் இரு வகையில் பயன் தரும். சேர்வதற்கும் அதுவே உதவும், சேர்ந்த பின்னர் படிப்பதற்கும் அதுவே அடிப்படையாகும்.

மூன்றாவது, இட ஒதுக்கீடு. இம்மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, அருந்ததியர்க்குரிய மூன்றும் உள்ளிட்டு ஆதிதிராவிடர்க்கு 18, பழங்குடியினர்க்கு 1 என 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமக்குரிய ஒதுக்கீட்டைப் பெறுவதற்குச் சாதிச் சான்றிதழ் கையில் இருத்தல் இன்றியமையாதது.

நான்காவது, சான்றிதழ்கள். தகுதியும் மதிப்பெண்ணும் இருந்தும், சான்றிதழ் உரிய நாளில் இல்லாமையால் இடத்தை இழப்போர் உண்டு. சாதி, வருமானம், பிறப்பிடம் ஆகியவற்றுக்குரிய சான்றிதழ்களும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குச் செல்வோர்க்குரிய முதல் பட்டதாரிச் சான்றிதழும் வருவாய்த் துறையால் வழங்கப்படுபவை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இவை கிடைக்கும் என்று எண்ணி வந்து திரும்புவோர் பலர். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். தேர்வு முடிவு வந்த பின் ஓடுவதைவிட, பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்தவுடன் விண்ணப்பித்தல் நன்று. பெயர் எழுத்துகளும் தந்தையின் பெயரும் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஒவ்வோராண்டும் விண்ணப்பத்துடன் வெளிவரும் விளக்கக் குறிப்பேடே இறுதியான ஆதாரம். சென்ற ஆண்டு ஒருவர் சேர்ந்த முறையைக் கேட்டு இவ்வாண்டு நடந்துகொள்ளுதல் போதாது.

நிறுவனத்தின் ஏற்பு

இடம் கிடைத்துவிட்டது, கல்லூரியும் பேருந்து வசதியுடன் அருகில் உள்ளது. இதனால் மட்டும் மகிழ்ந்துவிடலாகாது. 1949-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இந்திய பார்மஸி கவுன்சில், அந்நிறுவனத்தை ஏற்றுள்ளதா என்பதே முதல் வினா. இவ்வேற்பில் இரு நிலைகள் உண்டு. வகுப்பு நடத்த அனுமதி பெறுதல் ஒன்று. அங்குப் படித்துத் தேறியவர் பதிவு பெறத் தக்கவர் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி ஏற்புப் பெறுதல் மற்றொன்று. முன்னது மட்டும் இருந்து, பின்னது கிடைக்காமற்போனால், மாணவரின் சான்றிதழைக் கொண்டு பதிவேட்டில் பெயர் எழுத இயலாது. பிற மாநிலக் கல்லூரிகளில் சேர எண்ணுவோர் இதனை இருமடங்கு கவனத்துடன் பார்க்கவேண்டும். ஏற்புப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ளது. கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

எங்களூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், கிணற்றடி நிலத்தை ஒற்றிக்கு வைத்து, மகனை ஒரு நிறுவனத்தில் சேர்த்தார். "மருந்துக்கடைப் படிப்பு" என்று விளம்பரத்தில் இருந்தது. ஓராண்டு முடிந்து கைக்கு வந்தது, மருந்தக உதவியாளர் என்னும் சான்றிதழ். உதவியாளராகப் பணியாற்றுவதற்கு அது பயன்படலாம். பதிவு பெறுவதற்கு உதவாது. பையன் கடையில் வேலை செய்கிறான். நிலம் இன்னும் மீளவில்லை. விளம்பரத்தில் பொய் என்று சுட்டத்தக்க சொல் ஒன்றும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே குறை. "இப்படிப்பை முடித்தால், தமிழ்நாடு பார்மஸி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்ய இயலுமா?" என்னும் ஒரு கேள்வி அந்நிலத்தைக் காத்திருக்கும். இதற்கு எழுத்து மூலமான விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதிருப்பதே அறிவுடைமை.

அஞ்சல் வழியாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று கூறுவோரையும் நம்பவேண்டா. இது ஆய்வுக்கூடத்தில் நின்று கற்கும் கல்வி. பட்டப் படிப்பில் 80 விழுக்காடு வருகை இல்லாதவர் பருவத் தேர்வு எழுத இயலாது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்

டிப்ளமோவிலும் பட்டத்திலும் பாடமும் தேர்வும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழ் வழியில் பயின்று, நல்ல மதிப்பெண்ணுடன் சேர்ந்த கிராமத்து மாணவர்கள் முதலாண்டில் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. சொற்கள் புதியன என்பதே காரணம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே சில மாதங்கள் கிடைக்கின்றன. அக்காலத்தில், தாம் தமிழில் படித்த வேதியியல், உயிரியல் நூல்களின் ஆங்கிலப் பதிப்பை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தை ஒப்பிட்டுப் படித்தால் அத்தடை பெரும்பாலும் நீங்கும். அறிந்த பொருளுக்கு அறியாத சொல்லைக் கற்பது எளிது. இந்நூல்கள் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

உதவித் திட்டங்கள்

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. பட்டம், டிப்ளமோ இரண்டும் இவற்றில் அடங்கும். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விப் பட்டத்தில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைகளும் விடுதிகளும் உள்ளன. கலந்தாய்வைத் தவிர்த்து நிர்வாக இடத்தில் சேருவோர்க்கு இவற்றுள் சில கிடையா என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

படிப்பு முடிந்த பின்

பதிவு பெற்ற மருந்தாளுநர்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியிடங்கள் உண்டு. 2012-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அவற்றுக்குத் தேர்வு நடத்துகிறது. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தகங்கள் நடத்துகின்றன. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் முதல்வர் மருந்தகம் என்னும் பெயரில் ஆயிரம் கடைகள் மாநிலமெங்கும் திறக்கப்பட்டபோது, மருந்தியல் படித்த தொழில்முனைவோர் தாமே கடை நடத்துவதற்கு மூன்று லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. படிப்புச் சான்றிதழ் உடையவர்க்கே இத்தகைய வாய்ப்புகள் வந்து சேர்கின்றன.

தம் சான்றிதழைப் பிறர் கடைக்கு மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு தொழில் பார்க்கும் தீய வழக்கமும் ஆங்காங்கே உண்டு. இது சட்டத்துக்கு மாறானது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படுவதற்குரிய ஒழுங்கீனமுமாகும். சுவரில் மாட்டிய சான்றிதழ், தவறான மாத்திரையை எடுக்கும் கையைத் தடுக்காது. ஊரார் மருந்து வாங்கும்போது, "மருந்தாளுநர் யார்?" என்று கேட்கத் தொடங்கினால், இவ்வழக்கம் தானே குறையும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இவை யாவற்றையும் ஒவ்வொரு பெற்றோரும் தாமே அறிந்துகொள்ளுதல் அரிது. ஊராட்சித் தலைவர்களும் தலைமையாசிரியர்களும் சேர்ந்து, செலவின்றி மூன்று காரியங்களைச் செய்யலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், பாடப்பிரிவுகளைப் பற்றிப் பெற்றோர் கூட்டம் ஒன்றை நடத்துதல் முதலாவது. இதில் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநரை அழைத்துப் பேசச் செய்தால், அவரே நேர்ச் சான்றாக விளங்குவார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் சான்றிதழ்களை ஜனவரி மாதத்திலேயே சரிபார்த்து, இல்லாதவற்றுக்கு விண்ணப்பிக்கச் செய்தல் இரண்டாவது. கல்லூரியில் பணம் கட்டுமுன், கவுன்சிலின் பட்டியலை இணையத்தில் எடுத்துக் காட்டும் பொறுப்பை ஊராட்சி அலுவலகமோ நூலகமோ ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாவது.

ஒரு கிராமத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணோ பையனோ முறையாகப் படித்துப் பதிவு பெற்று, அக்கிராமத்துக்கு அருகிலேயே மருந்தகத்தில் நின்றால், சுற்றியுள்ள பத்து ஊர்களின் முதியோர்க்கு அது நாள்தோறும் கிடைக்கும் நன்மையாகும். இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வாழ்நாள் முழுதும் மருந்துண்ணும் மக்கள் பெருகிவரும் இக்காலத்தில், தம் மொழியில், தம் ஊர்ப் பேச்சில், பொறுமையாக எடுத்துச் சொல்லும் மருந்தாளுநர் நமக்குத் தேவை. அத்தகையோர் நம் பள்ளிகளிலேயே பத்தாம் வகுப்புப் பலகைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு உரிய வாரத்தில் உரிய செய்தியைக் கொண்டு சேர்ப்பது நம் கடமை.